குடித்தனக் குறிப்புகள்: வீட்டின்மேல் சாயும் மரம்

சென்ற மாதம் கூரைக் கசிவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர், கூரைக்கு மேலே நிற்கும் மரத்தைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருக்கிறார்கள். காலமறிந்து கேட்ட கேள்வியே. ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை மும்பைப் பக்கம் வந்து சேர்வது வழக்கம். அதற்குமுன் நமக்கு இருப்பவை ஏப்ரலும் மேயும்தாம். மழை தொடங்கியபின் மரத்தைப் பற்றி யோசிப்பது, வண்டி நகர்ந்தபின் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதை ஒக்கும்.

நான் மரநூல் கற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆயினும் கோடை வந்தால் எங்கள் மேஜைக்கு மர மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் பதிவு செய்வதும், பொறியாளருடன் சென்று பார்த்துக் குறிப்பெடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. மனுக்களின் வாசகம் பெரும்பாலும் ஒன்றே: “மேற்படி மரம் எங்கள் வீட்டின்மேல் சாய்ந்து நிற்பதால், அதை உடனே வெட்டி அகற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.” ‘சாய்ந்து’ என்ற ஒரு சொல்லையே அபாயத்துக்குப் போதுமான சாட்சியாக எல்லாரும் கொள்கிறார்கள். அது போதாது என்பதே என் கருத்து. சாய்ந்த மரம் அறுபது ஆண்டு நிற்பதும் உண்டு. நேராக நின்ற மரம் ஒரே இரவில் வேரோடு பெயர்வதும் உண்டு. நம் கண் கிளையிடம் போகிறது. போக வேண்டிய இடம் அடிமரமும் அதைச் சுற்றியுள்ள மண்ணும்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, நான் பார்த்த ஒரு வீட்டைக் கொண்டு சொல்வது நலம். 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில், டோம்பிவிலியில் குடியிருக்கும் ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். தரைத்தளமும் மேலே சிமெண்டுத் தகடு வேய்ந்த ஓர் அறையும் உள்ள பழைய வீடு. மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம். அது அந்த மேலறையின்மேல் சாய்ந்து நிற்கிறது. அந்த அறையில்தான் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் படுத்துறங்குகிறார்கள். கணவர் வெட்டிவிடலாம் என்கிறார். மாமியார், தாம் உயிரோடிருக்கும்வரை அந்த மரத்தில் அரிவாள் படக்கூடாது என்கிறார். “இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அண்ணா. எனக்கோ இரவில் காற்றடித்தால் உறக்கம் வருவதில்லை” என்று முடித்திருந்தார்.

ஒரு ஞாயிறன்று, மரமேறிப் பழகிய மாலி ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றேன். மாமியார் அம்பாசமுத்திரத்துப் பக்கத்தவர். 1986-இல் வீடு கட்டிய ஆண்டில், ஊர் அம்மன் கோயில் வேம்பின் அடியிலிருந்து அவருடைய கணவர் கன்றைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு நாள் ரயிலில் கொண்டுவந்து வைத்தாராம். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அந்த அம்மாளுக்கு அது வெறும் நிழல் மரம் அன்று. இத்தகைய விஷயத்தில் ‘மூட நம்பிக்கை’ என்று தள்ளிவிட்டுப் பேசுவோரை நான் ஒப்புவதில்லை. அவ்வாறே, உணர்ச்சியை முன்னிட்டுக் குழந்தைகளின் தலைக்கு மேல் உள்ள அபாயத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதையும் ஒப்புவதற்கில்லை.

முதலில் எட்ட நின்று மரத்தின் முழு உருவத்தையும் பார்த்தோம். அடிமரம் கிழக்கே, வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஆனால் பத்தடிக்கு மேலே வளைந்து நிமிர்ந்து, நுனி ஏறக்குறைய நேராக வானத்தை நோக்கியிருந்தது. இது நல்ல அடையாளம். கன்றுப் பருவத்திலேயே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்த மரம், பிறகு தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு வளர்கிறது. வேம்பு, மா, நாவல் போன்ற அகன்ற இலை மரங்கள் சாயும்போது, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் இழுத்துப் பிடிக்கும் தன்மையுள்ள ஒருவகைக் கட்டையை மிகுதியாக வளர்த்துக்கொள்கின்றன. கூடாரத்துக்குக் கயிறு கட்டுவது போல அது வேலை செய்கிறது. எனவே பல ஆண்டுகளாக ஒரே அளவில் சாய்ந்திருக்கும் மரம், அந்தச் சாய்வுக்குத் தக்கபடி தன் உடம்பை அமைத்துக்கொண்ட மரமாகும். அஞ்ச வேண்டியது புதிய சாய்வுக்கே. நேற்றுவரை நேராயிருந்து, இன்று நுனிவரை ஒரே கோடாகச் சாய்ந்து நிற்கும் மரம் வேரில் தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தடியில் நின்று ஆலோசனை செய்வதே தவறு.

அடுத்து அடிமண். சாய்வுக்கு எதிர்ப்புறத்தில், அதாவது மேற்கே, மண் மேலெழும்பியிருக்கிறதா, அரைவட்டமாகப் பிளவு ஓடுகிறதா என்று பார்த்தோம். இல்லை. அடிமரத்தைச் சுற்றித் தட்டுப் போன்ற கெட்டிக் காளான் முளைத்திருக்கிறதா? அதுவும் இல்லை. மாலி ஒரு கொட்டாப்புளியால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். எங்கும் கெட்டியான ஓசையே கேட்டது. மேலே, வீட்டின்பக்கம் போகும் பெரிய கிளை ஒன்று அடிமரத்திலிருந்து பிரியும் கவட்டில் மட்டும் குறை இருந்தது. கவடு அகன்று, கிண்ணம் போல் வளைந்திருந்தால் பலம். ஊசிமுனை போல் ஒடுங்கி, இரு பக்கத்துப் பட்டையும் உள்ளே மடிந்து நெரிந்திருந்தால் அங்கே கட்டையோடு கட்டை சேரவில்லை; காற்று ஒருநாள் அதைப் பிளந்துவிடும். இந்தக் கவடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்தக் கிளை எட்டு அங்குலத்துக்கும் மேல் கனமுடையது. நேராகச் சிமெண்டுத் தகட்டின்மேல் நீண்டிருந்தது. வாசகர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓரடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 200 கிலோ எடை இருக்கும். சிமெண்டுத் தகடு அதைத் தாங்கப் பிறந்ததன்று.

இவ்வளவோடு முடிந்திருந்தால் “கிளையைக் கழியுங்கள், மரம் இருக்கட்டும்” என்று சொல்லி, காப்பி அருந்திவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் மரத்துக்கு மேற்கே, ஆறடித் தொலைவில், தெருவோரமாகப் புதிய சிமெண்டு வாய்க்கால் ஒன்று ஓடிற்று. 2021-ஆம் ஆண்டு கடைசியில் ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மூன்றடி ஆழம் தோண்டிக் கட்டினார்களாம். “அப்போது கை கனமுள்ள வேர்களை வெட்டிப் போட்டார்கள், தம்பி. நான் சத்தம் போட்டேன், கேட்கவில்லை” என்றார் அந்த அம்மாள். எனக்கு இதுதான் கவலை தந்தது. கிளை தந்த கவலை பெரிதன்று.

காரணத்தைச் சொல்ல வேண்டும். மரத்தின் வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது நம்மில் பலருடைய எண்ணம். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைப் பரப்பையும் தாண்டிப் படர்ந்திருக்கின்றன. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு எவ்வளவோ, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் தூரம்வரை சுற்றிலும் மண்ணைத் தோண்டாமல் காக்க வேண்டும் என்பது கட்டட வேலைக்காரர்களுக்கு மரவல்லுநர் வகுத்திருக்கும் கணக்கு. இந்த வேம்பின் சுற்றளவு நூலால் அளந்ததில் 140 சென்டிமீட்டர். மூன்றேகாலுக்குச் சற்றுக் குறைவாக வகுத்தால் குறுக்களவு சுமார் 45 சென்டிமீட்டர்; பன்னிரண்டு மடங்கு 5.4 மீட்டர், அதாவது பதினெட்டடி. வாய்க்காலோ ஆறடியில் இருக்கிறது. அதுவும் எந்தப் பக்கம்? மரம் வீட்டை நோக்கிச் சாயும்போது பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் வேர்கள் உள்ள பக்கம். மழைக்காலக் காற்றும் மேற்கிலிருந்தே வருகிறது. மழை மண்ணை இளக்கும். காற்று வீட்டின் பக்கம் தள்ளும். பிடிக்க வேண்டிய கயிற்றில் பாதி அறுந்திருக்கிறது.

மரம் இரண்டு மழைக்காலங்களைத் தாண்டிவிட்டதே என்று கணவரே கேட்டார். உண்மைதான், அது மரத்தின் சார்பில் உள்ள பலமான சாட்சி. ஆனால் வெட்டுப்பட்ட பெரிய வேர் அன்றே அழுகிவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல அழுகிக்கொண்டு போகும். ஆகவே தாண்டியதை வைத்துத் தாண்டப்போவதை உறுதி சொல்ல இயலாது.

இங்கே அடுத்த தெருவில் அன்று நாங்கள் கண்ட மற்றொரு மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மராத்திக் குடும்பத்தார், நாங்கள் மரம் பார்க்க வந்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டுத் தங்கள் வாசலிலிருந்த குல்மொகரைக் காட்டினார்கள். தூண் போல நேரான மரம். செந்நிறப் பூ அரும்பத் தொடங்கியிருந்தது. “எங்கள் மரத்தைப் பற்றிக் கவலையில்லை, சும்மா பாருங்கள்” என்றார்கள். குல்மொகர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து நம் நாட்டில் பரவிய மரம். அழகுக்குக் குறைவில்லை; வேர் மேலோட்டமானது; கட்டை முறியும் இயல்புடையது. அடியில் குனிந்து பார்த்தால், தரையை ஒட்டிப் பழுப்பும் மெருகும் கலந்த காளான் தட்டுகள் மூன்று. கொட்டாப்புளியால் தட்டினால் மேளம் போல ஓசை. ஒரு பக்கம் பட்டை கையோடு பெயர்ந்து வந்தது. சாய்ந்த வேம்பைப் பார்க்கச் சென்ற மாலி, நேராக நின்ற குல்மொகரைக் காட்டி, “இது முதலில் போக வேண்டும்” என்றார்.

உள்ளே பொந்து இருப்பது மட்டும் மரணத் தீர்ப்பன்று என்பதையும் கூறிவிடுகிறேன். குழாய் உள்ளே வெறுமையாக இருந்தும் உறுதியாக நிற்கவில்லையா? சுற்றியுள்ள நல்ல கட்டையின் கனம், மரத்தின் ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் மரம் நிற்கும் என்று மரவல்லுநர் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் குல்மொகர் முறைப்படி அனுமதி பெற்று மே மாதக் கடைசியில் வெட்டப்பட்டபோது நானும் போய்ப் பார்த்தேன். ஆரம் ஓரடி, மூன்றிலொரு பங்கு நான்கு அங்குலம். ஒரு பக்கத்தில் இரண்டு விரற்கடை நல்ல கட்டை இருந்தது. மறுபக்கத்தில் அதுவும் இல்லை. கையால் அள்ளும்படியாகப் பழுப்புப் பொடி. அந்த வீட்டு அம்மாள் வெகுநேரம் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிற்க. வேம்புக்கு வருவோம். கழிப்பது என்று முடிவு செய்தாலும், எப்படிக் கழிப்பது என்பதில்தான் பெரும்பாலான மரங்கள் கெடுகின்றன. நம்மவர்கள் ஆள் பிடித்து, “மேலே எல்லாவற்றையும் எடுத்துவிடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். ஆள் மரத்தை மொட்டையடித்துவிடுகிறான். வெட்டிய முனைகளில் கொத்துக்கொத்தாகப் புதுத் தளிர் வரும். “பார், மரம் எப்படித் தழைக்கிறது” என்று மகிழ்வார்கள். அந்தப் புதுக் கிளைகள் உள்கட்டையில் வேரூன்றியவை அல்ல. மேற்பட்டையை ஒட்டி நிற்பவை. மூன்று நான்கு ஆண்டுகளில் அவை முன்னைவிட அடர்த்தியாகி, அடியில் அழுகிக்கொண்டிருக்கும் முண்டத்தின்மேல் பாரமாக நிற்கும். இலை போனதால் வேருக்கும் உணவு குறையும். அபாயத்தைக் குறைக்கச் செய்த காரியம் அபாயத்தை வளர்க்கிறது. மொட்டையடிக்கத்தான் ஆள் கிடைப்பான், வேறு வழியில்லை என்றால், அடியோடு வெட்டிவிடுவதே நேர்மையான காரியம் என்பேன்.

சரியான முறையில், ஒரு பருவத்தில் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுப்பதில்லை. நீண்ட கிளையைக் குறைக்க வேண்டுமானால், நடுவில் எங்கேயோ துண்டிக்காமல், அதன் கனத்தில் மூன்றிலொரு பங்காவது உள்ள பக்கக் கிளை பிரியும் இடம்வரை குறைக்க வேண்டும். அப்போது அந்தப் பக்கக் கிளை தலைமை ஏற்கும். முழுக் கிளையை எடுக்கும்போது, அது அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம் போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுக்க வேண்டும். புடைப்பையும் சேர்த்து வழித்தெடுக்கக் கூடாது. ஒரு முழம் முளை விட்டும் அறுக்கக் கூடாது. கனமான கிளையை மூன்று அறுப்பாக அறுப்பது வழக்கம்: சற்று வெளியே தள்ளிக் கீழிருந்து பாதி, அதற்கும் சிறிது அப்பால் மேலிருந்து முழுவதும், கடைசியில் எஞ்சிய முளையைப் புடைப்பருகே. முதல் அறுப்பு இல்லாவிட்டால், கிளை விழும்போது பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு போகும்.

காயத்துக்குத் தாரும் சாணமும் பூசுவது நம் வழக்கம். அது தேவையில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970-களில் ஒரு விஷயத்தை விளக்கினார். மனிதன் உடம்பில் புண் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை. மரம் காயத்தைச் சுற்றி உள்ளேயே சுவரெழுப்பி, அழுகலை அடைத்துவைத்துவிட்டு, அதன்மேல் புதுக் கட்டையை வளர்க்கிறது. அந்தச் சுவருக்குரிய இடமே நான் சொன்ன புடைப்பு. அதைக் காத்தால் பூச்சு வேண்டாம். அதை வெட்டிவிட்டால் பூச்சால் பயனில்லை.

மின்கம்பி அருகில் இருந்தால் மின்சாரக்காரர்கள் வந்து இணைப்பைத் துண்டித்தபின்பே ஆள் ஏற வேண்டும். காக்கைகள் மழைக்கு முன்புதான் கூடு கட்டுகின்றன. ஏறுமுன் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழித்தல் என்னும் யோசனைக்கே இடமில்லாத மரம் ஒன்று உண்டு, அது தென்னை. அதற்கு உச்சியில் ஒரே குருத்து. குருத்தை வெட்டினால் மரம் முடிந்தது. காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கலாம்; அதற்குமேல் வைத்துக்கொள்வதா, அகற்றுவதா என்ற இரண்டே வழிகள். 2017 ஜூலையில் செம்பூரில், தெருவில் நடந்து சென்ற ஒரு பெண்மணியின்மேல் தென்னை விழுந்து அவர் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரை நினைத்து வீட்டருகே தென்னை வைத்திருப்போர் நம்மில் பலர். தண்டின் நடுவில் துளை, கசிவு, அடியில் கறுத்த அழுகல் ஆகியவற்றை ஆண்டுதோறும் பாருங்கள். முருங்கை இதற்கு நேர்மாறு; எளிதில் முறியும்; ஆனால் எவ்வளவு ஒடித்தாலும் மீண்டும் தழைக்கும். அதைக் காய் முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடலாம். முருங்கைக்காக யாரும் உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஏனெனில் “என் நிலத்து மரம், என் அரிவாள்” என்ற எண்ணம் நம்மவரிடம் பலமாக இருக்கிறது. மகாராஷ்டிர நகர்ப்புறங்களில் 1975-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. சொந்த நிலத்து மரமானாலும் நகராட்சியின் மர அதிகாரியிடம் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். எரிப்பதும், எவ்வகையிலேனும் மரத்துக்குச் சேதம் செய்வதும் ‘வெட்டுதல்’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அச்சட்டமே கூறுகிறது. ஆகையால் பெரிய கிளைகளைக் கழிப்பதற்கும் அனுமதி வாங்கிக்கொள்வதே முறை. வேரில் அமிலம் ஊற்றியும், பட்டையைச் சுற்றிச் செதுக்கியும் மரத்தைச் சாகடிப்போர் உண்டு. அது குற்றம், அதோடு, காய்ந்து நிற்கும் மரம் பச்சை மரத்தைவிட வீட்டுக்கு அபாயம். வெட்டுவதற்கு விண்ணப்பித்தால் பத்திரிகையிலும் மரத்தின்மேலும் அறிவிப்பு வரும். ஆட்சேபம் உடையவர் எழுதலாம். மாற்று மரம் நடும் கடமையும் உண்டு. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டும் அதற்கு மேலும் ஆன மரம் பாரம்பரிய மரமாகக் கருதப்படும். வெட்டும் மரத்தின் வயதைக் கொண்டு நட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை கணக்கிடப்படும். தில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம், மேற்கு வங்கத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் என்று அங்கங்கே தனித்தனிச் சட்டம் உள்ளது. அவ்வூர்களில் இருக்கும் உறவினர்க்கு இதைத் தெரிவியுங்கள்.

ரயில்வே குடியிருப்பிலும் பிற அரசுக் குடியிருப்பிலும் இருப்போர்க்கு ஒரு வார்த்தை. மரம் உங்களுடையது அன்று. குடியிருப்பவர் அதில் கை வைக்கக் கூடாது. பராமரிப்புப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு எண்ணும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது மனுவாகாது. “சாய்ந்திருக்கிறது” என்று மட்டும் எழுதாமல், “மேற்குப் பக்கம் மண் பிளந்திருக்கிறது, பிளவு நான்கடி நீளம்” என்று கண்டதைக் கண்டபடி எழுதினால் மனு வேறு கட்டில் சேரும். இது குமாஸ்தாவின் அனுபவம்.

டோம்பிவிலி வேம்பின் விஷயத்தில் நான் சொன்ன யோசனை இது. குறையுள்ள கவட்டிலிருந்து போகும் கிளையை முழுவதும் எடுப்பது; வீட்டின்பக்கம் உள்ள மற்றொரு கிளையைப் பக்கக் கிளைவரை குறைப்பது; இரண்டும் சேர்ந்து கால் பங்குக்குள் இருக்க வேண்டும். அடிமரத்தை நெருக்கியிருந்த சிமெண்டுத் தளத்தைச் சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுவது; தில்லியில் 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரங்களைச் சுற்றி இவ்வாறே செய்யும்படி உத்தரவிட்டது. மழைக்காலம் முடியும்வரை பெண்பிள்ளைகள் இருவரும் கீழறையில் உறங்குவது. இதில் கணவர்க்கு இடநெருக்கடி பற்றி மனக்குறை, ஆனால் மறுக்கவில்லை. இவற்றோடு ஒரு தூக்குக்குண்டு. கொத்தனார் பயன்படுத்துவதுதான். அடிமரத்தில் எட்டடி உயரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டி, சாய்ந்த பக்கத்தில் அதிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, காற்றில்லாத நேரத்தில் அதன் முனை நிற்கும் இடத்தில் கீழே ஒரு கல்லில் குறியிட்டோம். மரம் மேலும் சாய்ந்தால் குண்டு குறியைவிட்டு விலகும். அச்சம் சொல்வதையும் ஆசை சொல்வதையும் விட்டு, குண்டு சொல்வதைக் கேட்கலாம்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எவ்வளவு நகர்ந்தால் வெட்ட வேண்டும், தம்பி?” என்று கேட்டார்.

“ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், அம்மா. அதற்குமேல் காத்திருக்கக் கூடாது.”

“அதை எழுதிக் கொடு. நாளைக்கு நானே மாற்றிப் பேசினாலும் பேசுவேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். சுவாமி படத்தின் பின்னால் செருகி வைத்துக்கொண்டார். மகன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நகராட்சித் தோட்டப் பிரிவு அதிகாரி வந்து பார்த்து, கிளைகளைக் கழிக்க அனுமதி அளித்தார். மே மாதம் மூன்றாம் வாரத்தில் கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கினார்கள். கூரைத் தகடு ஒன்றுகூட உடையவில்லை. கழித்த வேப்பிலையைத் தெருவார் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் குண்டைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வந்தார். குறியைவிட்டு அது நகரவில்லை. தீபாவளிக்குப் பிறகு பிள்ளைகள் மேலறைக்குத் திரும்பினார்கள். இந்த ஆண்டும் மே மாதத்தில் அதிகாரியை அழைத்து அடிமரத்தைக் காட்டும்படி எழுதியிருக்கிறேன். வெட்டுண்ட வேரைப் பற்றிய கேள்வி ஓராண்டில் தீர்ந்துவிடுவதன்று.

இதைப் படிப்போர் தம் வீட்டு மரத்தில் மண் பிளவோ, புதிய சாய்வோ, காற்றில் அடிமண் ஏறி இறங்குவதோ கண்டால், விண்ணப்பம் எழுதிக்கொண்டிராமல் அந்தப் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டு, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மற்றவர்கள் மராத்தியில் விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமானால், ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். மரத்தின் சுற்றளவு, வீட்டுச் சுவரிலிருந்து தூரம், அடிமரத்தின் நான்கு பக்கத்துப் படங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் வேலை சுருங்கும். அடுத்த இதழில் மாடித் தண்ணீர்த் தொட்டி.